நாற்காலிக்கு நாள் பார்த்தது

மனித குலத்தின் வரலாறு என்பது, மனிதன் எங்கே எப்படி உட்கார்ந்தான் என்பதன் வரலாறுதான். குகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் வேடன் ஆனான். மரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தவன் ஞானி ஆனான். முதுகு நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தவனோ உலகையே ஆண்டான்.

ஆனி மாதத்தின் கடைசி நாளில் திருவாளர் சுந்தரபாண்டியன் இவ்வாறு முழங்கியபோது, எதிரே அறுபத்து நான்கு பேர் மடக்கு இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் ‘பொன்னரசி மஹால், தென்காசி. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அந்த அறுபத்து நான்கு பேரில் எவரும் உலகை ஆளவில்லை. பதினோரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்ததால் எப்போது எழுந்திருக்கலாம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னரசி மஹாலில் இப்போது கல்யாணம் நடப்பதில்லை. இலஞ்சிப் பக்கம் ஏசி மண்டபம் ஒன்று வந்ததும் இங்கே ஆள் வருவது நின்றுபோயிற்று. சென்னையில் பதினைந்து வருஷம் டை கட்டி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சுந்தரபாண்டியன், குடும்பச் சொத்தான மண்டபத்தைக் கம்பெனி ஆக்கினார். மணமகள் அறை மனிதவளத் துறை ஆயிற்று. மணமகன் அறை எம்.டி. அறை ஆயிற்று. மணமேடையை இடிக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி பந்தியாகக் கிடந்த நீள மேசைகளின் மேல் இலைக்குப் பதில் கம்ப்யூட்டர்கள் வந்தன. பகல் வேலைக்கு முதல் பந்தி, ராத்திரி வேலைக்கு இரண்டாம் பந்தி என்று ஊழியர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். இருபது நிமிஷம் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு எழுந்து போவதற்காகச் செய்த மேசை அது. பதினோரு மணி நேரம் கீபோர்டு தட்டுகிறவனுடைய தோளும் இடுப்பும் என்ன ஆகும் என்று அதைச் செய்த ஆசாரி யோசித்திருக்க முடியாது.

வேலை இதுதான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதுகிற குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைத் தட்ட வேண்டும். அந்தத் தேசத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு எண் உண்டு. வாத்து கடித்தால் ஒரு எண். கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தபோது உடம்புக்கு ஏதாவது வந்தால் அதற்கும் ஓர் எண். இடுப்பு வலிக்கு எம் ஐம்பத்து நான்கு புள்ளி ஐந்து பூஜ்யம். முதல் பந்தி, மூன்றாம் வரிசையில் இருந்த இசக்கிராஜா இந்த எண்ணை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை தட்டுவான். முப்பத்தாறு வயது, ஏழு வருஷ அனுபவம். எண்ணில் பிழை விடாதவன் என்று பெயர். நாற்பது தடவை தட்டும்போதும் அவனுக்கும் இடுப்பு வலித்துக்கொண்டேயிருக்கும்.

இரண்டு வருஷமாக வலி. யாரிடம் சொன்னாலும் எடுபடவில்லை. தம்பி வேல்சாமி ராணுவத்தில் இருந்தான். வீடியோ காலில் பனிக்குல்லாவோடு வந்து சிரித்தான்.

"நான் இங்கன பனியில விறைச்சுப் போயி நிக்கேன். நீ ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டு இடுப்பு வலிங்க. வெளிய சொல்லிராத, நம்ம குடும்ப மானம் போயிரும்."

மனைவி ஜெயசித்ரா ஆய்க்குடியில் பள்ளிக்கூட டீச்சர். காலை ஒன்பதரையிலிருந்து நின்றே பாடம் நடத்துகிறவள். வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"உக்காந்து உக்காந்து வலிக்கின்னு சொல்லுத ஒரே ஆளு நீங்கதான். நாம ரெண்டு பேரும் வேலையை மாத்திக்கிடுவமா?"

சொன்னாளே தவிர, தைலத்தைச் சூடுபண்ணித் தேய்த்துவிடவும் செய்தாள். இசக்கிராஜாவுக்கே தன் வலி மேல் கொஞ்சம் வெட்கம் இருந்தது. மூட்டை தூக்கி வரவில்லை, மரத்திலிருந்து விழுந்து வரவில்லை, சண்டையில் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்ததில் வந்த வலி.

அந்த வலிக்கு ஒருநாள் திடீரென்று மவுசு வந்தது. வேலை கொடுக்கிற அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள், ஊழியர்களை நலமாக வைத்திருப்பதாகச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். சான்றிதழ் தருகிற சென்னைக்காரர்கள் அனுப்பிய படிவத்தில், ‘உடல் வலி என்று முறையிட்ட ஊழியருக்கு உரிய இருக்கை வழங்கியதற்கான சான்று’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தை நிரப்ப ஒரு வலி தேவைப்பட்டது. மனிதவளத் துறை வேல்விழி ஒவ்வொரு வரிசையாக வந்து, "யாருக்காவது முதுகு வலி, இடுப்பு வலி இருக்கா?" என்று கேட்டாள். வலி இருந்த இருபது பேரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். வலிக்கிறது என்றவனுக்குச் சம்பள உயர்வு வராது என்பது அவர்கள் கணிப்பு. இசக்கிராஜா கையைத் தூக்கிவிட்டான். தூக்கியபோதும் இடுப்பு வலித்தது.

நாற்காலி லாரியில் வந்தது. தலைக்கு, கைக்கு, இடுப்புக்குத் தனித்தனித் தாங்கல். ஏற்ற, இறக்க, சாய்க்க நான்கு நெம்புகோல்கள். மேலிருந்து கீழ்வரை கெட்டி பிளாஸ்டிக் உறை.

"உறையைப் பிரிக்காண்டாம்" என்றார் சுந்தரபாண்டியன். "அழுக்குப் பிடிச்சிரும். புதுசு புதுசாவே இருக்கணும்."

அதை மணமேடையில் ஏற்றி வைத்தார்கள். குருக்கள் வந்து சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள் கங்கணத்தை எங்கே கட்டுவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தவர், கட்டுவதற்கு வாகாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு நெம்புகோலில் மூன்று முடிச்சுப் போட்டார். நாற்காலியை உயர்த்தி இறக்குகிற நெம்புகோல் அது. "நாப்பத்தெட்டு நாளைக்கு அவுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் தட்சிணையோடு போய்விட்டார்.

நல்ல நேரம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை. நாலே முக்காலுக்கு சுந்தரபாண்டியன் மைக்கைப் பிடித்தார். குகை மனிதனிடம் ஆரம்பித்து, ஞானி வழியாக, சிம்மாசனங்களைத் தாண்டி, தன் சென்னை அனுபவங்களுக்கு வந்து சேர்ந்து, "நம்ம இசக்கிராஜா மேடைக்கு வந்து அமருமாறு..." என்று முடித்தபோது மணி ஆறு அடித்தது.

வேல்விழி அவர் காதருகே போய்ச் சொன்னாள். மைக் அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், நல்ல நேரம் முடிஞ்சிட்டு."

"அப்ப நாளைக்கு உக்காரட்டும்."

"நாளைக்கு ஆடி ஒண்ணு சார்."

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணையே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஊர். புது வீடு குடிபோவதில்லை, புது வண்டி எடுப்பதில்லை. கும்பிட்டுக் கங்கணம் கட்டிய புது நாற்காலியில் ஆடியில் போய் உட்காருவது எப்படி?

"ஒரு மாசந்தானலே தம்பி?" என்றார் சுந்தரபாண்டியன். "ரெண்டு வருசம் பொறுத்தவன் ஒரு மாசம் பொறுக்க மாட்டியா?"

நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இசக்கிராஜாவும் ஆட்டினான்.

ஆடி பிறந்தது. சாரல் ஓயாமல் தூறியது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளால் சாலை நிறைந்திருந்தது. மணமேடையில் நாற்காலி தனியாக இருந்தது. இசக்கிராஜா கூடத்தில் இரும்பு நாற்காலியில் இருந்தான். வலி இடுப்பிலிருந்து இறங்கி வலது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை வந்துவிட்டது. அந்த வலிக்குரிய எண்ணும் மாறிவிட்டது என்பது அவனுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு வேல்விழி மணியடிப்பாள். எல்லோரும் எழுந்து கையைத் தூக்கி, கழுத்தைச் சுழற்றி, எட்டு நிமிஷம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். சான்றிதழுக்காக அதை வீடியோ எடுப்பாள். அந்த எட்டு நிமிஷத்தைச் சாயங்காலம் கூடுதலாக உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும்.

பக்கத்து நாற்காலி நாசர். தறிக்காரக் குடும்பம். அண்ணன்மார் இரண்டு பேரும் துபாயில் இருக்க, பாஸ்போர்ட் எடுக்கச் சோம்பல்பட்டு இங்கேயே தங்கிவிட்டவன்.

"ஏலே இசக்கி, பொண்ணு பாத்தாச்சு, தாலியும் கட்டியாச்சு, ஆடி வந்து பிரிச்சிட்டே" என்பான். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, இசக்கிராஜா மேசையில் கையூன்றி எழுந்திருக்கப் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, நாசர் கேலியை நிறுத்தினான்.

"வாலே எங்கூட" என்று மணமேடைக்கு இழுத்துக்கொண்டு போனான். "எங்களுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. நான் இப்ப இதுல உக்காருதேன். நான் உக்காந்துட்டா இது பழைய நாற்காலி. பழைய நாற்காலிக்கு எதுக்குலே நாள் பாக்கணும்? பொறவு நீ உக்காரு."

அதில் ஓட்டையே இல்லை. இசக்கிராஜா மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தான். நாசர் பின்பக்கத்தைத் திருப்பி உட்காரப் போனான். அப்போது இசக்கிராஜா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"வேண்டாம்டே. சந்தனம் அழிஞ்சிரும். எம்.டி. கேட்டா என்ன சொல்லுவ?"

"உன் இடுப்பு ஒடிஞ்சா எம்.டி.ட்ட யாரு கேப்பா?"

"இன்னும் பதினெட்டு நாள்தானலே."

"நீ உருப்பட மாட்ட" என்று சொல்லிவிட்டு நாசர் சாப்பிடப் போனான். தனியாக நின்ற இசக்கிராஜா, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே இறங்கினான். இறங்குவதற்குக் கைப்பிடி தேவைப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி சார்பில் ‘நீர்வழி உடல்நல முகாம்’ நடந்தது. இப்படி எழுதிய பேனரை வேனின் முன்னால் கட்டிக்கொண்டு குற்றாலம் பேரருவிக்குப் போனார்கள். சுந்தரபாண்டியன் குளிக்கவில்லை. அவருக்குச் சைனஸ். குடை பிடித்துக்கொண்டு பாறை ஓரத்தில் நின்று வழிகாட்டினார்.

"இசக்கி, உள்ள போலே! இடுப்பக் காட்டு! இது இயற்கை பிசியோதெரபி, இதுக்கு மேல டாக்டர் கிடையாது!"

நல்ல தண்ணீர் வரத்து. இசக்கிராஜா கம்பியைப் பிடித்துக் குனிந்தான். கல்லும் மண்ணும் சேர்ந்து கொட்டுவதுபோல் தண்ணீர் இடுப்பில் விழுந்தது. வெளியே வரலாம் என்றால் பின்னால் ஐம்பது பேர் எண்ணெய் உடம்போடு முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ தள்ள, யாரோ காலை மிதிக்க, இடுப்புக்குள் ஏதோ விலகியதுபோல் இருந்தது. வேனுக்குத் திரும்பி நடந்தபோது நாசர் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"எங்கலே போற, செருப்ப விட்டுட்டு?"

வலது கால் செருப்பு பத்தடி பின்னால் தனியாகக் கிடந்தது. அது கழன்றதே இசக்கிராஜாவுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் செருப்பு தினமும் கழன்றது. பஸ் படியில், கோயில் வாசலில், ஜெயசித்ராவின் கண்ணெதிரே. அவள் சிரிக்கவில்லை. அன்றே தென்காசியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தை மடக்கச் சொல்லிப் பார்த்து, ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

"உட்காரவே கூடாது. படுங்க, மெல்ல நடங்க. மூத்திரம் போறதுல ஏதாவது மாற்றம் தெரிஞ்சா அந்த நிமிஷமே திருநெல்வேலிக்கு ஓடிருங்க."

சீட்டைக் காட்டி லீவு கேட்டபோது சுந்தரபாண்டியன் வருத்தப்பட்டார். நாற்காலியோடு இசக்கிராஜா நிற்கிற படம் ஏற்கெனவே கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. ‘நாங்கள் கேட்கிறோம், நாங்கள் தாங்குகிறோம்’ என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"ஒனக்காவத்தான் நாற்காலியே வந்திருக்கு. அதுல உக்காராமயே லீவு போட்டா அந்தச் சென்னைக்காரன் என்ன நெனைப்பான்? ஆவணி மொத வெள்ளிக்கிழம குறிச்சாச்சு. வீடியோல அவனும் வாரான். உக்காந்து பாரு. அதுக்குப் பொறவும் வலிச்சா ஸ்கேன் எடுலே."

டாக்டர் சீட்டு அவருடைய மேசை டிராயருக்குள் போயிற்று.

ஆவணி பிறந்தது. அந்தப் புதன்கிழமை இசக்கிராஜாவுக்கு இரும்பு நாற்காலியின் குளிர்ச்சி தெரியவில்லை. கால் இடுக்கும் உட்காருகிற இடமும் தன்னுடையவை அல்லாததுபோல் இருந்தன. மறுநாள் காலையில் கழிப்பறையில் வெகுநேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை. வந்தபோது வந்ததே தெரியவில்லை. இதை எப்படி ஜெயசித்ராவிடம் சொல்வது என்று தெரியாமல் வேலைக்கு வந்துவிட்டான். பத்தரை மணிக்கு ஒரு லாரி டிரைவரின் குறிப்பு திரையில் வந்தது. வயது நாற்பத்திரண்டு. இடுப்பு வலி, பாதம் தொங்குதல், உட்காருமிடம் மரத்தல், சிறுநீர் வருவது தெரியாமை. முதுகெலும்பின் அடியில் குதிரைவால்போல் விரிகிற நரம்புகள் நசுங்கினால் வருவது. ஜி எண்பத்து மூன்று புள்ளி நான்கு. இசக்கிராஜா பிழையில்லாமல் தட்டினான். குறிப்பின் கடைசி வரி: அவசரம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை, தவறினால் திரும்பாது.

நேராக எம்.டி. இருந்த மணமகன் அறைக்குப் போனான். செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது.

"அண்ணாச்சி, நான் இப்பமே திருநெல்வேலிக்குப் போணும். இது சாதாரண வலி இல்ல."

"என்ன செய்யுது?"

"மரத்துப் போச்சு."

"எது?"

அவன் தரையைப் பார்த்தான். "உக்காருத இடம்."

சுந்தரபாண்டியன் சிரித்துவிட்டார். "பதினோரு மணி நேரம் உக்காந்தா மரக்கத்தாம்லே செய்யும்! அதுக்குத்தான நாற்காலி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஏறி உக்காரு. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்னால முடிஞ்சிரும். பதினோரு மணிக்கு என் கார்லயே திருநெல்வேலிக்குப் போ. போதுமா?"

இன்னொரு சொல் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அந்தச் சொல் மூத்திரம். அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவரிடம், வேல்விழியும் பக்கத்தில் நிற்கும்போது, அதை எப்படிச் சொல்வது? எண்ணாகச் சொல்லலாம். எண் அவருக்குத் தெரியாது. இசக்கிராஜா தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்காலியின் உயரத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். நெம்புகோலில் கங்கணம் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் முடிய இன்னும் நாள் கிடந்தது. அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் இசக்கிராஜாவை நான்கு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. வேல்விழி ஓடிப்போய், பழைய கல்யாணச் சாமான் அறையிலிருந்து கோலமிட்ட மணைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து பாதத்தின் கீழ் வைத்தாள். ஆரத்தித் தட்டெடுத்து ஆலம் சுற்றினாள். சுந்தரபாண்டியன் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய திரையில் சென்னைக்காரர் தெரிந்தார்.

"ஆர் யூ கம்ஃபர்டபிள்?" என்று கேட்டார்.

"எஸ் சார். வெரி கம்ஃபர்டபிள்" என்றான் இசக்கிராஜா.

அது உண்மையும்கூட. கீழே எதுவும் வலிக்கவில்லை. எதுவுமே தெரியவில்லை.

முதலில் பார்த்தவன் நாசர். பிளாஸ்டிக் உறையின் ஓரத்திலிருந்து மணைப்பலகையின் கோலத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஆலத்தண்ணீர் சிந்தியது என்று நினைத்தான். ஆலத்தண்ணீர் சிவப்பு. இது சிவப்பாக இல்லை. அவன் மேடையேறிப் போய், படம் அனுப்பிக்கொண்டிருந்த லேப்டாப்பை மூடினான்.

"ஏய், என்னலே பண்ணுத?" என்று கத்தியபடி வந்த சுந்தரபாண்டியனும் பார்த்தார். பிறகு வெளியே நின்ற தன் காரை எட்டிப் பார்த்தார். அதன் சீட்டுகளுக்குப் போன வாரம்தான் புது வெல்வெட் போட்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கடே" என்றார். "அதான் பாதுகாப்பு."

மறுநாள் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் வெளியே வந்து, இரண்டு நாள் முந்தி வந்திருக்க வேண்டும் என்றார். ஜெயசித்ரா வராந்தாவில் நின்றுகொண்டே அழுதாள். டாக்டர் சொன்ன அந்த வரியை இசக்கிராஜா தன் கையால் எத்தனையோ பேருக்கு எண்ணாக்கியிருக்கிறான். வலது பாதம் தூக்கவில்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். வேல்சாமி வீடியோ காலில் வந்து, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

சான்றிதழ் வந்துவிட்டது. சட்டம் போட்டு மணமேடையில் மாட்டியிருக்கிறார்கள். கீழே நாற்காலி இருக்கிறது, அதில் யாரும் உட்காருவதில்லை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உறையைப் பிரிக்காமல் வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சுந்தரபாண்டியன் இப்போதும் சொல்கிறார்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் நாற்காலியைத் துடைத்தது இசக்கிராஜாதான். வேண்டாம் என்று நாசர் தடுத்தும் கேட்காமல், மணைப்பலகையில் மண்டியிட்டு, தோளில் கிடந்த பொன்னாடையால் துடைத்தான். பொன்னாடை ஈரத்தை உறிஞ்சவில்லை. நாசர் தன் கைக்குட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது.